பக்கெட்டில் விழுந்த சாவி

ஜீவனஹள்ளியிலிருந்து பிரேசர் டவுனுக்கு சொர்ணம் நடந்தே வருவாள். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் பக்கெட்டும் துணியுமாக நிற்பாள். அவள் துடைப்பது பதினொரு கார்கள். வாரநாளில் வெளிப்பக்கம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை உள்ளேயும் துடைக்க வேண்டும், அதற்குச் சாவி வேண்டும்.

சாவி கொடுப்பது லேசுப்பட்ட விஷயமில்லை. முதல் இரண்டு வருஷம் ஒருத்தரும் கொடுக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, போனை நோண்டியபடி அவள் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். சீட்டுக்கடியில் கிடைத்த கம்மலையும் சில்லறையையும் ஸ்டியரிங்குக்கு முன்னால் எல்லார் கண்ணிலும் படும்படி எடுத்து வைத்து எடுத்து வைத்துத்தான் அவள் நம்பிக்கை வாங்கி, அவர்களை மேலே வீட்டுக்கு அனுப்பினாள். இப்போது ஒன்பது பேர் சனிக்கிழமை சாயங்காலமே வாட்ச்மேன் ஆதிகேசவனிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். மீதி இரண்டு பேர் யாரையுமே நம்பாதவர்கள், அவர்களை விட்டுத்தள்ளலாம்.

ஒன்பது சாவியையும் ஒரு சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்வது அவள் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் பார்த்து, சுத்தம் பார்க்கிறவளாயிற்றே, அந்தப் பையைத் துவைத்துப் போட்டுவிட்டாள். மழைக்கு அது காயவில்லை. ஒருநாள்தானே என்று சாவிகளை மடியில் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். குனிந்து நிமிர்கிற வேலை. ஏழு மணிக்கு எண்ணிப் பார்த்தபோது எட்டுதான் இருந்தது.

காருக்கடியில் படுத்துப் பார்த்தாள். படிக்கட்டு வரை போய்த் தேடினாள். கடைசியில் துணியைப் பிழியப் பக்கெட்டுக்குள் கை விட்டபோது விரலில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இருநூற்று மூன்றாம் வீட்டு ஷில்பா மேடத்தின் சாவி. ஷாம்பு தண்ணீரில் அரைமணி நேரமாவது ஊறியிருக்கும். முந்தானையில் துடைத்து, காரைப் பார்த்து அமுக்கினாள். கார் கம்மென்று நின்றது.

பத்தரை மணிக்கு ஷில்பா கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போய்த் தன் அம்மாவை அழைத்து வர வேண்டும். நேற்றே சொல்லியிருந்தாள். அதைவிடப் பெரிய கவலை, அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குரூப். அதில் ஒருத்தர் ஒரு வரி போட்டால் போதும், ஒன்பது சாவியும் அன்றைக்கே போய்விடும். ஒரு கீறலை மறைத்ததற்காக அவளுக்கு முன்னால் இருந்தவனை அப்படித்தான் அனுப்பினார்கள்.

"சும்னே பயப்படாத," என்றார் ஆதிகேசவன், பாதிக் கன்னடத்தில். "அரிசில போட்டு வெச்சா தண்ணிய இழுத்துக்கும். என் பேரன் போனுக்கு அப்படித்தான் செஞ்சோம்."

"சரியாச்சா அண்ணா?"

"இல்ல, புதுசு வாங்கிட்டான். நீ போடு."

அவருடைய கேபினில் ரேஷன் அரிசி டப்பா இருந்தது. சாவியை அதில் புதைத்துவிட்டு வந்து வேலையைப் பார்த்தாள். வேலை எங்கே ஓடியது? துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடிப்போய் அரிசியைக் கிளறினாள். "அது என்ன சோறா, வெந்துதான்னு பாக்கறதுக்கு?" என்று ஆதிகேசவன் கேட்டார். லிப்ட் இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கை நின்றது. ஒன்பது மணிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சாவியைக் கையில் பொத்திக்கொண்டு மசூதித் தெருப் பக்கம் இருந்த சாவிக்கடைக்கு ஓடினாள். வெள்ளிக்கிழமைதான் பாய்க்கு விடுமுறை, ஞாயிறு திறந்திருப்பார். அதுவரை புண்ணியம்.

பாய் சாவியை இரண்டாகப் பிளந்தார். உள்ளேயிருந்து இரண்டு அரிசி விழுந்தது.

"அரே அக்கா, இத யாரு சொன்னாங்க அரிசில போடச் சொல்லி? மாவுத்தூள் எல்லாம் உள்ள போயிருக்கு."

ஸ்பிரிட்டில் பிரஷ்ஷைத் தொட்டுத் தேய்த்தார். ஈரம் போக ஊதினார். புது செல் போட்டார். பிறகு கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சிப்பு உயிரோட இருக்கு, வண்டி ஸ்டார்ட் ஆகும். திறக்கற பட்டன் ஓகே. பூட்டற பட்டன் அவ்ளோதான். ஆனா அக்கா, இத பாருங்க." தகட்டின் ஓரத்தில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. "இது களிம்பு. ரெண்டு மணி நேரத்துல இப்படி ஆகாது. ஆறேழு மாசம் முன்னாடியே இதுல தண்ணி போயிருக்கு. நீங்க செத்த பாம்பத்தான் அடிச்சிருக்கீங்க."

திரும்பும்போது அவளுக்கு மூச்சு வந்தது, மனசு மட்டும் அடங்கவில்லை. பேசாமல் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஷில்பா அந்தச் சாவியோடு மல்லுக்கட்டுவதை அவளே பார்த்திருக்கிறாள். நாலைந்து தரம் அமுக்கினால்தான் பூட்டும். பழைய சாவி, செத்துப்போச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்கட்டுமே என்று ஒரு தெரு தூரம் நினைத்தாள். அடுத்த தெருவில் அந்த நினைப்பே கசந்தது. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சாவியை எந்த முகத்தோடு வாங்குவது?

பேஸ்மென்ட்டில் ஷில்பாவின் கணவன் தருண் காரருகே நின்றிருந்தான். பெரிய கம்பெனியில் வேலை, தன்மையான ஆள். சொர்ணம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பழைய களிம்பைப் பற்றியும் சொன்னாள். அதைக் கேட்டதும் அவன் லிப்ட் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அது நான்தான். போன ஜூன்ல ஷார்ட்ஸ் பாக்கெட்ல இருந்தத பாக்காம வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன். ஷில்பாவுக்குத் தெரியாது. நீங்களும் எதுவும் சொல்லாதீங்க, நானும் சொல்லல. புது சாவி நான் பாத்துக்கறேன்."

இரண்டு பேருக்குமே லாபமான யோசனைதான். சொர்ணம் பதில் சொல்வதற்குள் லிப்ட் திறந்தது.

ஷில்பா சாவியை வாங்கி அமுக்கினாள். கார் திறந்தது. பையை உள்ளே வைத்துவிட்டு, மேலே மறந்து வந்த போனை எடுக்கப் போவதற்காகப் பூட்டப் பார்த்தாள். ஐந்து தரம், பத்து தரம் அமுக்கினாள். பிறகு சாவியை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இதுல ஏன் ஷாம்பு வாசனை வருது?"

"என் பக்கெட்டுல விழுந்துடுச்சு மேடம்," என்றாள் சொர்ணம். "மடியில வெச்சது என் தப்பு. பாய் கடைல காட்டி கிளீன் பண்ணிட்டு வந்தேன். வண்டி ஓடும். பூட்டற பட்டன் வேல செய்யாது."

ஷில்பாவின் முகம் சிவந்துவிட்டது. "உங்கள நம்பித்தானே சொர்ணம்மா குடுத்தேன்? இன்னிக்கு அம்மா வர்றாங்கன்னு தெரியும்ல? இனிமே உள்ள துடைக்க வேணாம். குரூப்லயும் சொல்லிடறேன், மத்தவங்களாவது ஜாக்கிரதையா இருக்கட்டும்."

சொர்ணம் தருணைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் வெளிச்சம்கூட இல்லை.

"ஆறு மாசமா இதோட போராடறேன்," ஷில்பா நிறுத்தவில்லை. "மழைல நின்னுக்கிட்டு அமுக்கி அமுக்கி விரலே போச்சு. நீ சரியா அமுக்க மாட்டேங்கறன்னு இவர் சொல்வாரு. ரெண்டு தடவ செல் மாத்தினேன். இப்ப மொத்தமா போச்சு."

அதைக் கேட்டதும் சொர்ணத்துக்குச் சுருக்கென்றது. திட்டு வாங்கினதற்கல்ல, அதற்கு அவள் தயாராகத்தான் வந்தாள். மழையில் நின்ற பெண்ணிடமே பழியைப் போட்டுவிட்டு ஒருத்தன் ஆறு மாசம் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறான். இப்போது தன் பழியையும் சேர்த்து சொர்ணம் சுமப்பதை வேடிக்கை பார்க்கிறான். இவ்வளவு நேரம் இருந்த பயம் அந்த இடத்தில் கோபமாகிவிட்டது.

"என் பக்கெட்டுல அரைமணி நேரம் ஊறுச்சு மேடம். அது என் தப்பு, என்ன வேணா சொல்லுங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் ஊறுச்சுன்னு சாரைக் கேளுங்க."

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டாள். பின்னாலிருந்து "ஜூன்லயா?" என்று ஷில்பாவின் குரல் மட்டும் கேட்டது.

அந்த வாரம் முழுக்க சொர்ணத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. குரூப்பில் ஏதாவது வந்ததா என்று ஆதிகேசவனைத் தினமும் கேட்டாள். தண்ணி லாரி பற்றித்தான் வந்திருக்கிறது என்றார் அவர். சனிக்கிழமை ராத்திரி சுருக்குப்பையைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. ஞாயிறு காலை கேபினுக்குப் போனதும் எண்ணினாள். எட்டுச் சாவி. இருநூற்று மூன்றாம் வீட்டுச் சாவி மாட்டும் ஆணி காலியாக இருந்தது.

எட்டையும் பைக்குள் போட்டு முடிச்சிடும்போது லிப்ட் திறந்தது. நைட்டிக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஷில்பா வந்தாள். கையில் புத்தம்புதுச் சாவி, அதுவும் தண்ணி போகாத பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, வாயை இறுக்கி மூடி.

"இத கவரோடவே வெச்சுக்கோங்க சொர்ணம்மா."

"நேத்தே சார்கிட்ட குடுத்து அனுப்பியிருக்கலாமே மேடம். நீங்க எதுக்கு தூக்கத்துல எழுந்து வந்தீங்க?"

ஷில்பா கொட்டாவியை அடக்கிக்கொண்டு லிப்ட் பொத்தானை அமுக்கினாள்.

"அவர் கையில சாவி குடுக்கறதில்ல இப்போ."