பத்து நாள் சைவச் சாப்பாடு

வழுக்கையில் முடி நடுவதற்காக என் தலையை முழுக்க மழித்திருந்தார்கள். புண் ஆறும்வரை தெரிந்தவர் யார் கண்ணிலும் படக் கூடாது என்று பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். கிள்ளானில் தனியாக இருக்கும் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. மணிக்கொரு முறை தலையில் உப்புநீர் தெளிப்பேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்குவேன். பேச ஆளில்லை.

முதல் நாள் மதியம் கீழே சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். தளர்வான தொப்பிக்குக் கீழே மழித்த பிடரியைக் கடைக்கார அக்கா பார்த்துவிட்டார்.

“யாரு தம்பி தவறிட்டாங்க?”

நாற்பத்திரண்டு வயதில் முடி நட்டேன் என்று சொல்ல வெட்கம். “அப்பா” என்றேன்.

“அப்ப மீன் வேணாம்லா. காரியம் முடியிற வரைக்கும் சைவமே கட்டித் தரேன்.”

தினமும் கட்டித் தந்தார். “சாப்பிட்டுத் தூங்கு தம்பி” என்பார். அந்த நாட்களில் என்னிடம் பேசியவர் அவர் ஒருவர்தான். அதை இழக்க மனமில்லாமல் உண்மையைச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் தலையிலிருந்த பொருக்குகளை ஊறவைத்துக் கழுவினேன். அன்று பொட்டலத்தை நீட்டியபடி அக்கா கேட்டார். “அப்பா உன்கிட்ட நல்லா பேசுவாரா தம்பி?”

அந்தப் பொட்டலத்தை என்னால் பிரிக்க முடியவில்லை. ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன்.

கதவைத் திறந்த அப்பா என் தலையைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“யாருப்பா தவறிட்டாங்க? பெரியப்பாவா? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே.”

இப்போது முடி நன்றாக வளர்ந்துவிட்டது. சொந்த அண்ணன் செத்தாலும் தனக்குச் சொல்ல ஆளில்லை என்று அப்பா அவ்வளவு சுலபமாக நம்பினாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை.