மோதிர விரலில் குளவி

என் கணவர் மவுத்தாகி, அவரை அடக்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு காலை கிணற்று மோட்டர் தண்ணீர் இழுக்கவில்லை. அதெல்லாம் அவர் பார்த்த வேலை. மோட்டரை மூடியிருந்த தகரப் பெட்டியை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன். உள்ளே குளவிக் கூடு. இடது கையில் மூன்று கொட்டின. ஒன்று மோதிர விரலின் அடியில்.

முதலில் சுட்டது. பிறகு அந்தச் சூடு முழங்கை வரைக்கும் ஏறியது. வாய்விட்டுக் கத்தினேன். என்னவென்று கேட்க வீட்டில் யாருமில்லை என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. கொழும்பில் வேலை செய்யும் மகளுக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். அவள் தூக்கவில்லை.

பக்கத்து வளவுக்காரர்தான் தன் ஆட்டோவில் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "ராத்தா, மூச்சு முட்டுதா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். முட்டவில்லை. ஆனால் விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது.

டொக்டர் இளம் பெண். ஊசி போட்டுவிட்டு விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினூண்டு பூச்சி. எப்பிடி இப்பிடி நோகுது?" என்றேன்.

"அந்த விஷம் நேரே நரம்பைத் தூண்டுது. உடம்புக் கலங்களையும், அதுதான் செல்களையும், உடைக்குது. அதுகளுக்குள்ள இருந்து வாறதும் சேர்ந்து நோவைக் கூட்டும். ரத்தக் குழாய் கசியிறதாலதான் இந்த வீக்கம்." கொஞ்சம் தயங்கினார். "மோதிரத்தை வெட்டத்தான் வேணும். இல்லாட்டி விரலுக்கு ரத்தம் போகாது."

அது அவர் போட்டுவிட்ட மோதிரம். முப்பத்தொரு வருடமாகக் கழற்றியதில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினேன். நோவில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் தோளைத் தடவினாள்.

பின்னேரம் மகள் போன் எடுத்தாள். "மீட்டிங்ல இருந்தன் உம்மா. ஏதும் அவசரமா?"

வழக்கமாக ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். அன்று சொல்லவில்லை.

"குளவி கொட்டிட்டு, மகள். மோதிரத்த வெட்டிட்டாங்க."

"வாப்பாட மோதிரமா?"

"ஓம்."

"நான் வரட்டா?"

"வா."

வெள்ளிக்கிழமை வந்தாள். ஆள் பிடித்துக் கூட்டை அகற்றினாள், மோட்டரைத் திருத்துவித்தாள், இரண்டு இரவும் என் பக்கத்திலேயே படுத்தாள். ஞாயிறு அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீக்கம் வற்றி, விரல் அரிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு பேருக்கென்று ஆக்கிய சோறு சட்டியில் மிச்சமிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு குசினியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.