ஸஹ்லின் உம்மா

எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த மகனின் பெயரைச் சொல்லி, அவனுடைய உம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். என் தாய் நௌஃபா ஸஹ்லின் உம்மா ஆனது அப்படித்தான். ஸஹ்ல் என் தம்பி. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. ஐம்பது வயது தாண்டிவிட்டது. இன்றும் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

அவன் கடைசிவரை அப்படித்தான் இருப்பான் என்று தெரிந்தபோது, வாப்பாவின் தம்பி அபூ நாயிஃப் சாச்சா ஆறுதலாகத்தான் பேசினாராம்.

"விடுங்க மதினி, இன்னொரு ஆம்பளப் பிள்ளை பொறக்காமயா போயிடும்? அவன் பேரச் சொல்லி உங்களக் கூப்பிட்டுக்கலாம்."

"எனக்கு மகன் பொறந்தாச்சு, பேரும் வெச்சாச்சு" என்றாராம் உம்மா. அந்த வாரமே ராணுவ மருத்துவமனை வார்டில் இருந்த சிப்பாய்களிடம், "இனி என்ன சிஸ்டர்னு கூப்பிடாதீங்க, ஸஹ்லின் உம்மான்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் கரக் மலைப்பக்கத்திலிருந்து பெண்கள் யாரும் பட்டாளத்துக்குப் போகாத காலத்தில் அவர் நர்ஸ் வேலைக்குப் போனவர். கடைத்தெருவில் ஒருவர் தாத்தாவை வழிமறித்து, "பொண்ணப் பட்டாளத்துக்கு அனுப்பிட்டு இந்தத் தாடி எதுக்குய்யா?" என்று கேட்டாராம். "தாடி என் மூஞ்சியில இருக்கு, ஒன் கண்ணுல ஏன் குத்துது?" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார். உம்மா இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

வாப்பா ராணுவ லாரி ஓட்டியவர். பாலைவனச் சாலையில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். உம்மா வேலையை விட முடியாது. அதனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஸஹ்லைப் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று. சில நாட்கள் நாங்கள் இருவரும் உம்மாவோடு வார்டுக்கே போய்விடுவோம். கை போனவர்கள், கால் போனவர்கள் நடுவில் ஸஹ்லை யாரும் முறைத்துப் பார்த்ததில்லை. அவனுக்கு சல்யூட் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவன் இடக்கையால்தான் அடிப்பான். யாரும் திருத்தவில்லை.

அங்கே பார்த்த ஒன்று மறக்கவில்லை. முஃப்லிஹ் என்றொரு இளைஞன், முழங்காலுக்குக் கீழே காலை எடுத்திருந்தார்கள். அவன் தந்தை தெற்கிலிருந்து பார்க்க வருகிறார் என்றதும், அவன் அண்ணன்கள் போர்வையை இழுத்து இழுத்து மூடினார்கள். உம்மா வந்து போர்வையை மடித்து ஓரமாக வைத்தார்.

"சிஸ்டர், கெழவர் தாங்க மாட்டாரு" என்றான் ஒருவன்.

"மூடி வெச்சா கால் மொளச்சிருமா? இது அவரு மகன். முழுசாப் பாக்கட்டும்."

கிழவர் வந்தார், பார்த்தார். பிறகு காலில் போட்டிருந்த கட்டின் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேஜராக ஓய்வு பெற்ற பிறகு உம்மாவுக்கு ஸஹ்லைத் தவிர வேறு உலகமில்லை. போன குளிர்காலத்தில் இதயம் தளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு அவர் செய்த முதல் காரியம், தன் துக்க வீட்டில் எப்படி நிற்பது என்று மகனுக்குப் பழக்கியதுதான். வரிசையில் முதலில் நின்று கை கொடுக்க வேண்டியவன் மகன்தானே.

சமையலறைச் சுவரோரம் அவனை நிறுத்திவிட்டு, உம்மா வெளியே போய், ஆண்களைப் போல் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு உள்ளே வருவார். வலக்கையை நீட்டி, "அல்லாஹ் உங்களுக்கு அழகான பொறுமையைத் தரட்டும்" என்பார். "நீங்க நடந்து வந்தத அல்லாஹ் ஏத்துக்கட்டும்" என்று அவன் பதில் சொல்ல வேண்டும். அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

"சிரிக்காதடா, நான் செத்துட்டேன்" என்பார் உம்மா. அவன் இன்னும் சிரிப்பான். உம்மா மறுபடி வெளியே போய் வேறு குரலில் வருவார். ஒவ்வொரு நாளும் இப்படி. பதில் அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது.

"ஸப்ஹா, அவன ஆம்பளைங்க வரிசையில நிறுத்தாம விட்டுராத" என்று என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

உம்மாவை அடக்கம் செய்த அன்று முற்றத்தில் ஆண்களுக்குக் கூடாரம் போட்டார்கள். அபூ நாயிஃப் சாச்சா உள்ளே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஸஹ்ல் உள்ளயே இருக்கட்டும்மா. பெரிய அதிகாரிங்கல்லாம் வர்றாங்க. எடம் தெரியாம சிரிச்சு வெப்பான். பாக்குறவன் ஏதாவது சொன்னா நமக்குத்தான் மனசு கஷ்டம்."

ஆண்களுக்கு எதிராகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு அறைக்குப் போய், உம்மா வாங்கி வைத்திருந்த கறுப்புக் கோட்டை ஸஹ்லுக்குப் போட்டுவிட்டேன். தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, காலில் ஷூ. முற்றத்துக் கதவுக்குப் பின்னால் நாற்காலியில் அவனை உட்காரவைத்து நானும் நின்றேன்.

"அடைச்சு வெக்கப் போறவனுக்கு எதுக்குடி மாப்பிள்ளை அலங்காரம்?" என்றாள் ஒரு அத்தை. நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியத் தொழுகைக்குப் பிறகு ஒரு முதியவர் வந்தார். நடையிலேயே செயற்கைக் கால் என்று தெரிந்தது. வார்டில் பார்த்த அதே முஃப்லிஹ். கசப்புக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை. கோப்பையைத் தரையில், தனக்கு முன்னால் வைத்தார்.

கூடாரத்தில் பேச்சு நின்றது. பெண் கேட்கவோ, பகை தீர்க்கவோ வந்தவன்தான் அப்படி வைப்பான். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டான். துக்க வீட்டில் யாரும் வைப்பதில்லை.

"பெரியவரே, இது மவுத்து வீடு" என்றார் சாச்சா.

"தெரிஞ்சுதான் வெச்சேன். ஸஹ்லின் உம்மாவுக்காக இவ்வளவு தூரம் வந்தேன். ஸஹ்ல் எங்க? அவன் கையப் பிடிச்சுத்தான் சொல்லுவேன்."

"அவனுக்கு ஒடம்பு சரியில்ல. படுத்திருக்கான்."

என் கை தாழ்ப்பாளில் இருந்தது. திறந்தேன். அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்திரிச்சுதான் இருக்கான், சாச்சா" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சாச்சா ஸஹ்லின் ஷூவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வரிசையில் தான் நின்ற முதல் இடத்தை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"காப்பியக் குடிங்க பெரியவரே. கேட்டது கெடச்சாச்சு."

முஃப்லிஹ் குடித்துவிட்டு, தரையில் கையூன்றி எழுந்து வந்தார். ஸஹ்ல் அவருக்கு இடக்கையால் சல்யூட் அடித்தான். அவரும் இடக்கையாலேயே பதிலுக்கு அடித்துவிட்டு, வலக்கையை நீட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஸஹ்ல் சிரிக்கவில்லை.

"நீங்க நடந்து வந்தத அல்லாஹ் ஏத்துக்கட்டும்."

மூன்று நாளும் அவன்தான் முதலில் நின்றான். ஒவ்வொருவரும் கை கொடுத்துப் போனதும் கூடார வாசலையே பார்ப்பான். ஏன் பார்க்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியும். சமையலறையில் ஒவ்வொரு முறையும் அடுத்த குரலில் உள்ளே வந்தது உம்மாதானே.

மூன்றாம் நாள் பிற்பகலுக்குப் பிறகு அவன் வாசலைப் பார்க்கவில்லை. ஆட்கள் போய், கூடாரத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவனை அழைத்துவரப் போனேன். அவன் இடத்தை விட்டு நகராமல் என்னிடம் வலக்கையை நீட்டினான். நான் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

சொன்னேன். பதில் சொல்லிவிட்டு என்னோடு உள்ளே வந்தான்.