விழுப்புரம் போன ஸ்டெபிலைசர்

பொங்கல் முடிந்த கையோடு என் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். கோபம் என்றுதான் நினைத்தேன். எதற்கென்று தெரியாததால் பொதுவாக எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். பிறகு சாப்பாட்டையும் நிறுத்தினாள். மாத்திரைகளுக்கும் கேட்கவில்லை. விழுப்புரத்து மனநல டாக்டரம்மா, "இப்படியே விட்டா உடம்பு தாங்காதுங்க. தலைக்குக் கரண்ட் வைத்தியம் குடுத்துடலாம்" என்றார்.

எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. என் சின்ன வயதில் அவருக்கு மெட்ராஸில் அதை வைத்தார்கள். மயக்க மருந்து கிடையாது. வாயில் துணியைத் திணித்து, ஆளுக்கொரு கைகாலைப் பிடித்து அமுக்கினார்களாம். மனுஷன் குணமாகித்தான் வந்தார். ஆனால் சாகும்வரை டார்ச் லைட்டைக்கூட அடுத்தவரைத்தான் அமுக்கச் சொல்வார்.

இதைச் சொன்னேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "அது அந்தக் காலம். அதுக்கும் முன்னால, வலிப்பு வந்தா மனசு தெளியும்னு கற்பூரத்தை எண்ணெயில கலந்து ஊசி போட்டு வரவெச்சாங்க. அப்புறம்தான் கரண்ட் வந்துது. இப்ப மயக்கம் குடுத்துத்தான் செய்யறோம். கொஞ்ச நாளைக்குச் சில விஷயம் மறக்கலாம், அவ்வளவுதான்."

மனைவி சரியென்று தலையாட்டிவிட்டாள். எனக்குத்தான் ஆடவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், இவ்வளவு பேச்சில் என் மண்டையில் நின்றது இரண்டே: அவள் என்னை மறந்துவிடலாம், கற்பூரம் ஆபத்து. அன்று சாயங்காலம் கற்பூரம் ஏற்றாமலே சாமி கும்பிட்டேன்.

படுத்த பிறகு அடுத்த கவலை வந்தது. விழுப்புரமோ எங்கள் திண்டிவனமோ, இந்தப் பக்கத்துக் கரண்டின் லட்சணம் தெரியாதா? ஏறி இறங்கி என் பம்புசெட் மோட்டாரையே எரித்திருக்கிறது. மோட்டாருக்கு மறுபடி கம்பி சுற்றிக் காயில் கட்டலாம். தலைக்கு யார் கட்டுவது?

வைத்தியத்தன்று, பிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன்.

"இன்னாண்ணே, மூட்டையும் முடிச்சுமா?" என்றார் நர்ஸம்மா.

"ஸ்டெபிலைசரும்மா. உங்க மிஷினுக்கு."

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மிஷின் அதுபாட்டுக்கு நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் படபடன்னு ஏறி எறங்குது. நீங்க மாட்டிக்குங்க."

கேலி போகட்டும். அன்று ஒன்றும் ஆகவில்லையல்லவா? அதனால் அடுத்தடுத்த முறையும் தூக்கிக்கொண்டுபோய் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் கூழ் ஓரிரு வாய் இறங்கியது. பேச்சு மட்டும் இல்லை.

அப்படி ஒருநாள், மயக்கம் தெளிந்து படுத்திருந்தவளிடம் வழக்கம்போலக் கேட்டேன்: "என்னைத் தெரியுதா?"

என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்தாள்.

"அது நம்ம பிரிட்ஜோடதுதானே?"

"ஆமாம்மா."

"அப்ப அங்க பிரிட்ஜு நேரா கரண்ட்ல ஓடிக்கினு இருக்குதா?"

"ஆமா."

"எரிஞ்சா யாருங்க வாங்கறது? புத்தி இருக்குதா உங்களுக்கு? ஜல்தி கெளம்புங்க. மொதல்ல இட்லி வாங்கிக்கினு வாங்க, பசிக்குது."

தட்டை வழித்துத் தின்றாள். பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டியும் திட்டு ஓயவில்லை. முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் ஒவ்வொரு திட்டையும் காது குளிரக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

மறதி வருமென்று டாக்டரம்மா சொன்னது சரிதான். திண்டிவனத்தில் இறங்கி, பஸ் கிளம்பிப் போன பிறகுதான் என் கை வெறும் கையாக இருந்ததைப் பார்த்தேன்.