பின்னால் செருகியிருந்த சிவப்பு பென் டிரைவ்

தெருவில் எனக்கு 'அவசரம்' என்று பெயர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். ஒரு வீட்டில் திருகாணியைக் கழற்றிக்கொண்டே அடுத்த வீட்டுக்காரரிடம் "பாதி வழியில வந்துட்டேங்க" என்று போனில் புளுகுகிறவன். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறான். ஆனால் இது என் கதை அல்ல, பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க் அக்காவின் கதை. அதில் மண்ணைப் போட்டவன் நான். அதனால் நானே சொல்கிறேன்.

அக்கா இருபத்திரண்டு வயதில் அந்த ஆபீசுக்கு வந்தவர். முத்து முத்தான கையெழுத்து. சான்றிதழ், மார்க் பட்டியல் எல்லாம் கையால் எழுதியே காலம் போனது. நாற்பத்தெட்டாவது வயதில் மேஜைமேல் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தபோது வெலவெலத்துப்போனார். யாரிடமும் கேட்க வெட்கம். வீட்டில் செருப்புப் பெட்டி மூடியில் கீபோர்டை அப்படியே வரைந்து, அடுப்புப் பக்கத்தில் வைத்து, விரலால் தட்டித் தட்டிப் பழகினார். "அம்மா, அடுப்பைப் பாக்கறியா, அட்டையைப் பாக்கறியா?" என்று மகள் சிரிப்பாளாம். ஆறே மாதத்தில் பத்து விரலும் ஓட ஆரம்பித்துவிட்டன.

மிஷினுக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டார். தினமும் காலையில் உறையை எடுத்து, முன்னும் பின்னும் துடைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். "பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டறாங்கப்பா, யாரும் குறுக்கே போகாதீங்க" என்று வாட்ச்மேன் கிண்டல் செய்வார். அக்காவுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மிஷினில் வைரஸ் துடைக்கப் போனேன். அதற்காக, சுவிட்சைப் போட்டதும் மிஷின் தன் வட்டை விட்டுவிட்டுப் பென் டிரைவை முதலில் பார்க்கும்படி மாற்றி வைத்தேன். வேலை முடிந்ததும் திருப்பி மாற்றவில்லை. கடைசியில் பிரிண்டருக்கு வேண்டிய சாஃப்ட்வேரை ஏற்ற இன்னொரு பென் டிரைவைப் பின்னால் செருகினேன், அதையும் எடுக்கவில்லை. ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் தொழில் தர்மம். எனக்குத்தான் அடுத்த வீட்டில் ஆள் காத்துக்கொண்டிருந்தாரே!

திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. மிஷின் எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் நாலு வெள்ளை எழுத்தோடு நிற்கிறது. மார்க் பட்டியல் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். நான் போனபோது பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கேடுகெட்ட பழக்கம் உண்டு. என்ன கோளாறு என்று தெரியும் முன்பே யார் மேல் தப்பு என்று சொல்லிவிடுவோம். அந்த ஆள் எப்போதும் மிஷினில் வேலை செய்கிறவர்தான். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை நான். "கண்டதைத் தொட்டிருக்காங்க டீச்சர். தெரியாதவங்க கையில குடுத்தா இப்படித்தான்" என்றேன், நல்ல சத்தமாக.

"நான் ஒண்ணும் தொடலியே தம்பி" என்றார் அக்கா.

பெரிய டீச்சர் அவரைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். கவனித்தும் வாயை மூடிக்கொண்டு மிஷினுக்குப் பின்னால் குனிந்தேன். அங்கே இருந்தது என் சிவப்பு பென் டிரைவ். என் கடைப் பெயர் ஒட்டியது. எழுந்திருக்க வழியை மிஷின் அதில் தேடிப்போய், கிடைக்காமல் நின்றிருக்கிறது. உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். மிஷின் சமர்த்தாக எழுந்துகொண்டது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். சீ, நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்று வாரம் கழித்துப் பிரிண்டர் வேலைக்குப் போனேன். அக்காவின் நாற்காலியில் புதிதாக ஒரு பெண். அக்கா பக்கத்துப் பதிவேட்டு அறையில், பழையபடி கையால் எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கக்கா."

"அன்னிக்குத் துடைக்கறப்போ பின்னாடி செவப்பா ஒண்ணு இருந்துச்சு. நீங்க புதுசா ஏதோ மாட்டியிருக்கீங்க, தம்பி வச்சதை நாம ஏன் எடுக்கணும்னு அதைச் சுத்தி மட்டும் துடைச்சேன். துணி பட்டு அசைஞ்சிருக்குமோ? அதுலதான் கெட்டுச்சோ? தூக்கமே வரலை தம்பி. கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சோன்னு பயமா இருக்கு."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அப்போ நான் ஒண்ணும் பண்ணலியா?"

"இல்லக்கா."

"நெசமாவா?"

"சத்தியமா. எல்லாம் நான் பண்ணதுதான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பெரிய டீச்சர்கிட்ட சொல்லுவீங்களா? அன்னிக்குச் சொன்னீங்களே, அதே மாதிரி சத்தமா."

போனோம். சத்தமாகத்தான் சொன்னேன். பெரிய டீச்சர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "அட, அப்படியா? சரி, போகட்டும் விடுங்க. அந்தப் பொண்ணு நல்லாப் பழகிட்டா. இவங்களுக்கும் வயசாச்சு, எழுதற வேலைதான் சவுகரியம்" என்றார்.

"சரிங்க டீச்சர்" என்றார் அக்கா. திரும்பிப் போய்ப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

நான் ஆபீசுக்கு வந்து பிரிண்டரைச் சரிசெய்தேன். பிறகு மிஷினை அணைத்து, பின்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்த்து, மறுபடி சுவிட்சைப் போட்டு, திரை முழுசாக வரும்வரை உட்கார்ந்திருந்தேன். பூப்போட்ட உறை ஜன்னல் மேடையில் தூசி படிந்து கிடந்தது.

"தம்பி, மிஷின் நல்லா ஓடுதா?" என்று பதிவேட்டு அறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"ஓடுதுக்கா" என்றேன். உறையை எடுத்துத் தூசியைத் தட்டி, மிஷின் பக்கத்தில் மடித்து வைத்தேன்.