புல் அறைக்கு வந்த சம்பந்தி

செம்பூரில் இன்று ஏழு மாடிக் கட்டிடம் நிற்கும் இடத்தில்தான் எங்கள் எருமைப் பண்ணை இருந்தது. இந்தியில் தபேலா என்பார்கள். தாத்தா முதலில் தகரக் கூரை போட்டு ஒரு தொழுவம் கட்டினார். பிறகு செங்கல்லில் பால் அறை வந்தது. அதன் பிறகுதான் நாங்கள் குடியிருக்க இரண்டு அறைகள். புதுத் தகரம் எப்போதும் எருமைகளுக்கு; அவை கழித்த பழைய தகரம் எங்களுக்கு.

கடைசியாக எழும்பியது, காய்ந்த புல்லை அடுக்கிவைக்கும் அறை. தாயிடம் ஓடிப் பாலைக் குடித்துவிடாதபடி, கன்றை அதன் மூலையில்தான் கட்டிப்போடுவோம்.

சித்தப்பாவுக்கு லேபர் கேம்ப் குடியிருப்பில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் அவரை. பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றுதான்: மாப்பிள்ளைக்குத் தனி அறை. அப்பா புல் அறையைக் காட்டிவிடலாம் என்றார். கல்யாணமானதும் அங்கேதானே இருக்கப்போகிறான், இது பொய்யில் சேராது என்பது அவர் கட்சி.

இரண்டே நாளில் புல் வெளியேறியது. சுண்ணாம்பு அடித்தோம். கட்டிலும் கண்ணாடியும் வந்தன. அத்தை மூன்று முறை சாம்பிராணி போட்டாள். சித்தப்பா பாடிக்கொண்டே தரையைத் தேய்த்தார். அவர் பாடி நான் கேட்டது அப்போதுதான். கன்றைப் பால் அறைக்குப் பின்னால் கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா வந்தார். கட்டிலில் உட்கார்ந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

"சுண்ணாம்பு புதுசால்லா இருக்கு அண்ணாச்சி. இதுக்கு முன்ன இங்க யாரு இருந்தா?"

"சொந்தக்காரப் பையன் ஒருத்தன்," என்றார் அப்பா. "இருக்கிற இடமே தெரியாது. அவ்வளவு சாது."

அந்த நேரத்தில் கன்று உள்ளே வந்தது. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் தன் மூலைக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடிக்குக் கீழே படுத்துக்கொண்டது.

பெண்ணின் அப்பா டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "இவருதானா அந்தப் பையன்? இன்னும் காலி பண்ணலியோ?"

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் சித்தப்பா. சிரித்தபடியே விடைபெற்றுப் போன பெண்ணின் அப்பா, மறுநாள் ஆளிடம் சொல்லி அனுப்பினார்: மாட்டுக் கொட்டகைக்கு மகளை அனுப்ப மனசு வரவில்லை.

சித்தப்பா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பண்ணையை இடிக்கும்வரை புல் அறை புல் அறையாகவே இருந்தது.

கன்றை அவிழ்த்துவிட்டது நான். அது கத்தியது, பாவமாக இருந்தது என்று பல வருடம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. என்ன நடக்கிறதென்று வேடிக்கை பார்க்கத்தான் அவிழ்த்தேன்.

ஆள் வந்துபோன அன்று மாலை சித்தப்பா புல்லைத் திரும்ப அடுக்கினார். பிறகு கன்றை மூலையில் கட்ட அதன் கயிற்றைக் கொண்டுவந்தார். நான் பக்கத்தில் போய், "கோவமா சித்தப்பா?" என்றேன்.

"கன்னுக்குட்டிமேல என்னலே கோவம்?"

கயிற்றின் நுனியை விரலால் நெருடிக்கொண்டே சொன்னார். அது எங்கும் அறுந்திருக்கவில்லை. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முடிச்சுப் போட்டார். தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் நான் விளையாட ஓடினேன்.