எட்டு நாள் கடிகாரம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அத்தை ஒரு மினி லாரியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லியும் கேட்காமல், பின்னால் படுக்கவைத்திருந்த நீளமான மரப்பெட்டியின் மேல் கை வைத்தபடியே வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்தாள். பெட்டிக்குப் பழைய வேட்டி போர்த்தியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தார்.

வேட்டியை விலக்கியதும் உள்ளே இருந்தது ஒரு கடிகாரம். ஆளைவிட உயரம், கருஞ்சிவப்பு மரம், பித்தளை முகம், ரோமன் எண்கள். முகத்துக்கு மேலே அரைவட்டத்தில் ஒரு பாய்மரக் கப்பலும் கடலும் வரையப்பட்டிருந்தன. அத்தையின் மாமனார் வீட்டார் நெசவை விட்டுவிட்டு அரிசி மில் வைத்தவர்கள். அந்தக் காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து வீடு கொள்ளாத அளவுக்கு மரச்சாமான்களை வாங்கிப் போட்டிருந்தார்கள். அத்தையின் கணவர் இறந்து ஒரு வருடத்தில் அந்த வீட்டை இடித்தார்கள். ரோஸ்வுட் பீரோ ஒருவருக்கு, பதினெட்டு இழுப்பறை வைத்த மேஜை ஒருவருக்கு, கால் நீட்டிப் படுக்கும் சாய்வு நாற்காலி ஒருவருக்கு என்று பங்கு போட்டதில் ஓடாத கடிகாரம் மட்டும் மிஞ்சியது. அத்தை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பீரோவையாவது கேட்டிருக்கலாம் என்று அம்மாவுக்கு ஆறவே இல்லை.

கடிகாரத்தை நிறுத்த எங்கள் வீட்டில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அப்பாவின் தறிக்குழிக்கு நேர் எதிரே உள்ள மூலை. இரண்டாவது தறி போடுவதற்காக அம்மா இரண்டு வருடமாக ஒதுக்கி வைத்திருந்த மூலை அது.

“தறி போடற எடத்துல இத்த நிக்க வச்சா, இது சோறு போடுமா?” என்று அம்மா கேட்டாள்.

அப்பா அதிகம் பேசாதவர். அன்று பேசினார். “ஒருவாட்டி சாவி குடுத்தா எட்டு நாள் ஓடும்னு சொல்ற இல்ல? எட்டு நாள் நிக்காம ஓடட்டும். ஓடிச்சுன்னா அந்த மூலை அதுக்கு. நின்னுச்சுன்னா, பழைய மரச்சாமான் வாங்கறவர வரச்சொல்லி ஏத்தி உட்டுட்டு தறி போட்டுக்கலாம்.”

“எத்தினி வாட்டி பாக்கலாம்?” என்றாள் அத்தை.

“மூணு.”

“சரிண்ணா. நின்னுச்சுன்னா அது போற வண்டியில நானும் ஏறிக்கறேன். வாலாஜாபாத்துல கொழுந்தனாரு ஊட்ல ஏனம் கழுவ ஆள் தேடிக்கினு இருக்காங்க.”

அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்குத்தான் அவள் போகக்கூடாது என்று இருந்தது. வந்த மூன்றே நாளில் அத்தை எனக்கு வேண்டியவளாகிவிட்டாள். பல்லாங்குழியில் என்னை ஏமாற்றி ஜெயிப்பாள், மாட்டிக்கொண்டால் வெட்கமே இல்லாமல் சிரிப்பாள். எங்கள் வீட்டில் அப்படிச் சிரிக்க வேறு ஆள் கிடையாது.

அத்தை வேலையில் இறங்கினாள். கடிகாரத்தின் வயிற்றில் ஒரு கதவு, அதற்குள் இரண்டு இரும்புக் குண்டுகள், நடுவில் பெண்டுலம். குண்டுகளைத் தாங்கும் கயிறு இற்றுப்போயிருந்தது. தறியில் அறுந்து விழுந்த பாவுப் பட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கி, அரக்கு நிறத்தில் இரண்டு பட்டுக் கயிறு செய்தாள். பல்சக்கரங்களைத் தேங்காய் நாரால் தேய்த்துத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை ஒவ்வொரு சொட்டாக விட்டாள். ஒரு நூலில் வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, பெட்டி நேராக நிற்கிறதா என்று பார்த்து, காலடியில் அட்டையைச் செருகினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவி கொடுத்துப் பெண்டுலத்தைத் தட்டிவிட்டாள். கடிகாரம் ஓடியது. மேலே இருந்த கப்பலும் இப்படியும் அப்படியும் ஆடியது. கப்பல் ஆடும் என்று அத்தைக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் நின்றுவிட்டது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அத்தை மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா தறியில் இருந்தார்.

அப்பாவின் அடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறுக்கே ஒவ்வொரு ஊடை இழை போட்டதும் பலகையை இழுத்து அடிப்பது எல்லாரும் செய்வதுதான். ஆனால் அப்பா அடித்தால் தரை அதிரும், சொம்புத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும். அத்தனை இறுக்கமான நெசவு. மற்றவர்களுடைய புடவையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற கடைக்காரர், அப்பாவின் புடவையை மட்டும் மடிப்புக் கலைக்காமல் வாங்கி வைப்பார். அப்பாவிடம் இருந்த ஒரே கர்வம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை மறுபடி சாவி கொடுத்து ஓடவிட்டாள். அந்த இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை அமாவாசை. எங்கள் தெருவில் அமாவாசையன்று தறிக்குழியில் யாரும் கால் வைப்பதில்லை. தெருவே சத்தமில்லாமல் இருந்தது. கடிகாரம் அன்று நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, “அமாவாசையில மூதாதைங்க வந்து தாங்கிக்கினு இருக்காங்கமா” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதை முழுதாக நம்பினேன். மறுநாள் காலை அப்பா தறியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் கடிகாரம் நின்றது. அப்பா ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“இன்னும் ஒருவாட்டி இருக்குது இல்லண்ணா?” என்றாள் அத்தை.

“இருக்குது” என்றார் அப்பா.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அத்தை கடைசித் தடவையாகச் சாவி கொடுத்தாள். மரச்சாமான் வாங்குகிறவரை அடுத்த திங்கட்கிழமை மாலை வரச் சொல்லியாகிவிட்டது. அத்தை தன் இரண்டு புடவைகளையும் ஒரு பையில் மடித்து வைத்தாள். நான் தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன், அதோடு அந்த மூலையில் காலே வைப்பதில்லை என்று ஒரு விரதமும் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. வாசல் கதவருகே உட்கார்ந்து கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடிக்கொண்டேயிருந்தது. மதியம் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. தறி ஓடும்போது எங்கள் வீட்டில் பகலில் யாரும் தூங்க முடியாது. அன்று எனக்கு எப்படித் தூக்கம் வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. சனிக்கிழமையும் கடிகாரம் ஓடியது. அப்பா இரண்டு நாளும் வழக்கம்போலத் தறியிலேயே இருந்தார். ஒரு கல்யாணப் புடவைக்கு முகூர்த்தம் நெருங்கியிருந்தது, விட முடியாது. ஞாயிறு ஓடியது, திங்கள் காலையில் எட்டாவது நாள் முடிந்தது.

அப்பா தறியிலிருந்து எழுந்து கைகால் கழுவிக்கொண்டு வந்து, “மூலை அதுக்கு” என்றார். அம்மா அடுப்படிக்குப் போனாள். அத்தை பையிலிருந்து புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். மாலையில் வந்த மரச்சாமான்காரருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். தான் செய்யாத வேலைக்குக் கொடுத்த தேங்காயை அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துக் கடைக்காரர் அந்தக் கல்யாணப் புடவையோடு வீட்டுக்கே வந்தார். கல்யாண வீட்டார் விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். புடவையின் உடலில் நடுவே இரண்டு முழம் நெசவு தளர்ந்திருந்தது. விரல் நகத்தால் தள்ளினால் இழை விலகியது.

“உங்க கையா இதுன்னே எனுக்கு நம்ப முடியலப்பா” என்றார் கடைக்காரர். வாசலில் நான்கு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கை வலி. வலது கை” என்றார் அப்பா.

அதன் பிறகு அப்பாவின் புடவையையும் கடையில் விரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அம்மா பதறிப்போய், கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, ஒத்தடம் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். பத்து நாள் தினமும் சாயங்காலம் நான் அப்பாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒற்றி எடுத்தேன். “சுடுதாப்பா?” என்று கேட்பேன். “இல்லமா” என்பார். அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ராட்டையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பாள். அண்ணனுக்குக் கை எப்படி இருக்கிறது என்று அந்தப் பத்து நாளில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. காரியம் ஆனதும் அண்ணனை மறந்துவிட்டாள் என்று நினைத்து, இரண்டு நாள் அவளோடு பல்லாங்குழி ஆடாமல் இருந்தேன்.

அடுத்த வாரங்களிலும் ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுத்தால் வெள்ளிக்கிழமை கடிகாரம் நின்றது. அத்தை கதவைத் திறந்து பெண்டுலத்தைத் தட்டிவிடுவாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன வருடம் அத்தை அந்தக் கடிகாரத்தை என் புது வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். பழுது பார்க்க வந்தவர் பட்டுக் கயிற்றைப் பார்த்து முதலில் சிரித்தார், பிறகு தொட்டுப் பார்த்துவிட்டு, அதை மாற்ற வேண்டாம் என்றார். பெட்டியை முதுகுப்பக்கம் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கினார்.

“இத்த செய்யலன்னா அஞ்சு, ஆறு நாள்ல நின்னுடும்மா. குண்டு எறங்கி வந்து பெண்டுலத்துக்குப் பக்கத்துல நிக்கும் பாருங்க, அப்போ தரை கொஞ்சம் அதிர்ந்தாகூட ரெண்டும் சேர்ந்து ஆடும், கடியாரம் நின்னுடும். அத்த தாண்டி குண்டு கீழ போய்ட்டா பயமில்ல. முன்ன இருந்த ஊட்ல ஏதாச்சும் மிஷின் ஓடிச்சா?”

“தறி” என்றேன். சொன்ன பிறகுதான், வெள்ளிக்கிழமை மதியம் நான் ஏன் தூங்கினேன் என்பது புரிந்தது.

அவர் போன பிறகு கப்பல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று என்று கணக்கு வைத்தவர் அப்பா. சொன்ன சொல்லை மாற்றமாட்டார். மாற்றாமலேயே இரண்டு நாள் அடியைக் குறைத்து அடித்திருக்கிறார். தறி வீட்டில் பிறந்த அத்தையின் காதுக்கு அது கேட்காமல் இருந்திருக்காது. நான் பத்து நாள் உப்பு ஒத்தடம் கொடுத்த அந்தக் கையில் வலியே இருந்ததில்லை. அது தெரிந்ததால்தான் அத்தை திரும்பிப் பார்க்காமல் தார் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.